முப்பத்திரண்டில் ஒன்று

பெட்டி பாங்காக்கிலிருந்து வந்தது,
பஸ் டிரைவர் கோ ஸோ மோவின் இருக்கைக்கடியில்,
பூண்டு மூட்டைக்கும் கீழே.
அப்போது நல்ல காலம்.
மூடியில் ஒரு மிக்-29 மேகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது.
அப்பாவிடம் விலையைப் பாதியாகச் சொன்னேன்.

தவுங்குவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு
இதற்கெனத் தனிக் கருவி வேண்டாம்.
மூக்குத்தாங்கியின் திருகை முடுக்கும் கை
சக்கரக் கதவின் கீலையும் முடுக்கும்.
லென்ஸ் மெருகேற்றும் வெள்ளைப் பசையால்
விமானியின் கூண்டைத் தேய்த்தேன்,
அது அங்கே இல்லை என்று ஆகும்வரை.
நறுக்கிய ஒவ்வொரு துண்டின் வடுவையும் தடவிப் பார்ப்பேன்.
கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும்.

கரண்ட் நாலு மணி நேரம்.
எந்த நாலு என்பது மின்சார ஆபீசுக்கே தெரியாது.
இரவு இரண்டுக்கு விளக்கு எரிந்தால் எழுந்து
கம்ப்ரசரைப் போடுவேன்.
பக்கத்து வீட்டில் தண்ணீர் பம்ப் இரையும்,
எதிர்வீட்டில் சோறு வேகும்,
நான் சாம்பல் நிறம் அடிப்பேன்.
இரண்டு சாம்பல். ஒன்று வெளிறியது,
மற்றது அதைவிடக் கொஞ்சம் பச்சை.
நிழலில் ஒன்றாய் இருக்கும், வெயிலில் பிரியும்.

பெரியவை காலை ஏழரைக்குக் கிளம்பும்.
அலமாரியில் முந்நூறு கண்ணாடிகள்
ஒரே திசையைப் பார்த்து நடுங்கும்.
போகும்போது குரல் தடிப்பு,
வரும்போது மெலிந்திருக்கும்.
எண்ணக் கூடாது என்று எண்ணியபடியே எண்ணுவேன்.
போனது இரண்டு. வந்தது இரண்டு.

ஆற்றுக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்
கைக்குட்டையை அவிழ்த்து ஒரு கண்ணாடியை வைத்தார்.
சட்டம் உருகி, ஒரு காது மறு காதோடு ஒட்டியிருந்தது.
ஒரு லென்ஸ் தப்பியிருந்தது.
'மனைவியுடையது. பவர் பார்த்து
இதே மாதிரி ஒன்று செய்யுங்கள்.'
யார் போட்டுக்கொள்ள என்று நான் கேட்கவில்லை.
ப்ளஸ் இரண்டே கால்.
முன்பணம் கொடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை.

பெட்டியில் குண்டுகள் நாலு,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்.
சட்டத்திலிருந்து நறுக்காமலே விட்டேன்.
இந்த அளவில் ஓர் ஆள் ஐந்து சென்டிமீட்டர், கொஞ்சம் கூட.
இருக்கையோடு ஒட்டிய விமானி ஒருவன்தான் இருந்தான்.
கீழே நிற்பவர்களை யாரும் பெட்டியில் போடுவதில்லை.

விருந்தாளிப் பட்டியல் சோதனை என்று
நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள்.
வட்டாரத் தலைவர், ஒரு சார்ஜென்ட், ஒரு பையன்.
கட்டிலடி, அரிசிப் பானை, முருகன் படத்தின் பின்புறம்.
பிறகு மேசை. டார்ச் அங்கேயே நின்றது.
'யாருடையது? தம்பியுடையதா?'
'தம்பி இல்லை. என்னுடையது.'
சார்ஜென்ட் சிரித்தார். துப்பாக்கியைத் தோள் மாற்றிக் குனிந்தார்.
'வாலில் நம் முத்திரை எங்கே?'
'பெட்டியில் வரவில்லை சார். வேற்றுநாட்டு நட்சத்திரம்தான் இருந்தது.'
அது உண்மை.
என் தூரிகைக்கு அது ஐந்து நிமிட வேலை என்பதும் உண்மை.

பையன் இடக்கண்ணைச் சுருக்கியே பார்த்தான்.
மைனஸ் ஒன்று, ஒன்றரை இருக்கும்.
யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.
இறக்கை உடலோடு சேரும் இடத்தில்,
பீரங்கித் துளைக்கு அருகில், தொடாமல் விரலைக் காட்டினான்.
'அக்கா, இங்கே கரி இருக்கும்.
நாங்கள் துடைப்போம். முழுசாகப் போகாது.'

போனார்கள். பூட்ஸ் தடங்களைத் துடைத்தேன்.
அப்பா திரும்பிப் படுத்தார்.

அவன் சொன்னது சரி. அதுதான் தொல்லை.
எத்தனை படம் பார்த்தேன், எனக்குத் தென்படவேயில்லை.
மேசையில் கறுப்புப் பொடி இருந்தது, பஞ்சு இருந்தது.
அன்றைக்கென்று கரண்டும் இருந்தது.
கொஞ்சம்தான் தொட்டேன்,
துளையிலிருந்து பின்னோக்கி ஒரு தீற்று.

அதுவரை அது எங்கும் போனதில்லை.