தோல் கணக்கு

ஆற்றூர் சந்திப்பில்
ஜஸ்டஸின் சிப்ஸ் கம்பெனி
ஆறரைக்கு அடுப்பு பற்றவைக்கும்.
ஏழுக்கு நான் சாக்கோடு பின்வாசலில் நிற்பேன்.

உள்ளே ஐந்து பெண்கள்
ஏத்தங்காயைக் கீறி உரிக்கிறார்கள்.
காய் மஞ்சள் தண்ணீருக்குப் போகும்,
தோல் என் பக்கம் வரும்.
மரச்சீனிக்கு இரண்டு தோல்.
மண்ணோடு உரியும் காகிதம் ஒன்று,
அடியில் ரோஜா நிறத்தில் தடித்தது இன்னொன்று.
அந்த ரோஜாவில்தான்
கட்டு இருக்கிறது.

முன்பு எல்லாம் கால்வாயில்தான் விழுந்தது.
நாற்றம் பொறுக்காமல் ஊரார் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார்கள்.
நான் சாக்கோடு போன அன்று
ஜஸ்டஸ் கும்பிடாத குறை.
"கொண்டு போ கனகபாய்,
எனக்க தலைவேதனை தீரட்டும்."

ஏத்தன் தோலை அப்படியே போடலாம்.
என் செவலைப் பசு
சிலேட்டைத் துடைப்பது போல
ஒரே நாக்கில் தொட்டியைத் துடைத்துவிடும்.
மரச்சீனித் தோலை நறுக்கி,
தார்ப்பாயில் பரத்தி,
மூன்று வெயில் காட்டணும்.
ஒடித்தால் சத்தம் கேட்கணும்.
சத்தம் போடாத தோலை நம்பக் கூடாது.

இடவப்பாதியில் வெயிலுக்கு எங்கே போக?
ஒன்பது நாள் விடாத மழை.
வைக்கோல் கட்டு விலை கேட்டுத் திரும்பி வந்தேன்.
தவிட்டுக் கடைக்காரர்
பழைய பாக்கியை நினைவுபடுத்தினார்.
கால்வாய்க் கரையில் மேயப்போன பசு
நனைந்த வயிறு ஒட்டி வந்து நின்று
தொட்டியைப் பார்த்தது, பிறகு என்னை.
ஒரு வெயில் கண்ட தோல் இருந்தது.
ஒரு கூடை போட்டேன்.
ஒரே ஒரு கூடை.

ராத்திரி மூச்சு மாறியது.
வாயில் நுரை.
ஈறு செக்கச்செவேலென்று,
நல்ல ஆரோக்கியம் மாதிரி.
டாக்டர் மழைக்கோட்டோடு பைக்கிலிருந்து இறங்கும்போது
அதே கூடையில் வாய் வைத்த கிடா
கால் நீட்டிக் கிடந்தது.
பசுவுக்கு நரம்பில் ஊசி ஏற்றினார்.
"பச்சைத் தோலா?"
நான் விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.
கூடையைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

விடிய விடியப் பசு எழுந்தது.
நான் டென்னிசனின் புகைப்புரைக்குப் போனேன்.
கம்பு கம்பாய் ரப்பர் ஷீட்டுகள்
அலசிப் போட்ட வேட்டி போலத் தொங்க,
அடியில் சிரட்டைக் கங்கு.
"ஓரத்துல ரெண்டு முறம் வெச்சுக்கிடட்டா?"
"வை. ஷீட்டுல ஒட்டாம பாத்துக்கோ."
இரண்டாம் நாள் தோல் சத்தம் போட்டது.
பாலில்தான் லேசாகப் புகை மணம்.
சொசைட்டியில் விலாசினி மூக்கைச் சுளித்தாள்.
லாக்டோமீட்டர் சுளிக்கவில்லை.

ஓணம் நெருங்கியது.
ஜஸ்டஸுக்கு ஓரடுப்பு மூன்றடுப்பாயிற்று.
பின்வாசலில் தோல் இடுப்பளவு.
அன்றைக்குப் பார்த்துச் சொல்கிறான்:
"சாக்குக்குப் பத்து ரூவா வெச்சுக்கிடுவோம்.
கேரளத்துக்காரன் பதினஞ்சு தாறான்."
அந்தக் கேரளத்துக்காரனை
இன்றுவரை ஆற்றூரில் யாரும் பார்த்ததில்லை.

நான் சண்டை போடவில்லை.
வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.
அவன் கம்பெனிச் சாயைக்கு என் பால்,
நாளைக்கு ஒன்றரை லிட்டர்,
சித்திரையிலிருந்து பாக்கி.
எதிர்ப்பக்கம் எழுதினேன்:
தோல், நாளைக்கு மூன்று சாக்கு, முப்பது ரூபாய்.
கழித்தாலும் அவன்தான் தரணும்.
நோட்டை நீட்டினேன். அவன் வாசித்தான்,
வறுகரண்டியை எண்ணெயில் ஒருமுறை சுற்றினான்,
"உனக்க பால்ல புகை மணக்குது" என்றான்.
"உனக்க தோல்தான்" என்றேன்.
உள்ளே ஐந்து பெண்களும்
கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

நோட்டில் ஒரு வரி அவனுக்குக் காட்டவில்லை.
கிடா, ஒன்று.
நேரே தொகை இல்லை.
யார் பக்கம் எழுதுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.

இப்போது துலா மழை இருட்டிக்கொண்டு வருகிறது.
பசு கயிறு எட்டும் மட்டும் வந்து நிற்கிறது.
முறத்திலிருந்து ஒரு தோலை எடுத்துக்
காதோரம் வைத்து
ஒடிக்கிறேன்.