ஊதுபத்தி சாயும் பக்கம்

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது
கேஸ் சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு
ஒரு கட்டு ஊதுபத்தியோடு மாடி ஏறினேன்.

பெருமாள்புரத்தில் மேற்கே பார்த்த வீடு.
முன்சுவர் முழுக்கக் கண்ணாடி.
போனில் வந்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து
தம்மாமிலிருந்தே கட்டச் சொன்னாராம் வீட்டுக்காரர்.

செல்வகனி ரூத் ஐசியூவில் ராத்திரி வேலை.
பகல்தான் அவருக்கு இருட்ட வேண்டும்.
"பதினாறுல வச்சாலும் ரூம்ல முப்பதுதான் பாய்.
மிஷினை மாத்திருவோமா?"

மிஷின் தங்கம்.
வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் பதிமூன்று காட்டுகிறது.
ஓட்டைப் பானையில் ஊற்றுகிறவளைப் பார்த்து
உனக்கு ஊற்றத் தெரியவில்லை என்பார்களா?

மத்தியானம் மூன்று மணி, அக்னி நட்சத்திரம்.
கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி
ஒரு பத்தியைக் கொளுத்தினேன்.
அறை நடுவே புகை நூல் பிடித்தமாதிரி ஏறியது.
சுவிட்ச் போர்டுப் பக்கம் கொண்டுபோனதும்
உள்ளே யாரோ ஊதிவிட்டதுபோல விலகியது.
குளியலறைக் கதவடியிலோ
குனிந்து, நுழைந்து, காணாமல் போனது.

அங்கே எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது,
காலையில் போட்டது, அணைக்க மறந்தது.
கீழே மகன் முட்டை பொரிக்கிறான்,
அதற்கொரு சிம்னி.

வெளியே கொட்டுகிற ஒவ்வொரு வாளிக் காற்றுக்கும்
உள்ளே ஒரு வாளி வந்தாக வேண்டும்.
இதில் மட்டும் வீடு கடன் வைப்பதில்லை.
ஜன்னல் திறக்கவில்லையென்றால்
மொட்டைமாடியில் வெந்த காற்று
வயர் குழாய்க்குள் இறங்கி
சுவிட்ச் ஓட்டை வழியே வட்டியோடு வந்து சேரும்.

பீரோவை நகர்த்தினோம்.
சுவரில் கறிவேப்பிலையை இறைத்தாற்போலப் பூசணம்.
அந்தப் பக்கம் வெந்நீர் ஆவி,
இந்தப் பக்கம் குளிர்,
நடுவில் நாலரை அங்குலச் சுவர்
யாருக்கும் தெரியாமல் வியர்த்திருக்கிறது.

"எல்லாத்தையும் அடச்சிருவோமாண்ணே?" என்றான் இசக்கி.
அடைக்கலாம்.
விடிய விடிய அடுத்தவர் மூச்சை எண்ணிவிட்டு வந்தவர்
பகல் முழுக்கத் தன் மூச்சையே
திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு கிடப்பார்.

வடக்குச் சுவரில், வேம்பு நிழல் விழுகிற இடத்தில்
நாலங்குல ஓட்டை ஒன்று.
பழைய துண்டைத் திணித்திருந்தது.
"அது ரெண்டாவது ஏசிக்கு எடுத்தது.
அவிய வந்து மாட்டுதேன்னாவ."
எத்தனை வருசம் என்று நான் கேட்கவில்லை.
துண்டு சொன்னது.

துண்டை உருவி, கொசுவலை ஒட்டி, மூடி போட்டேன்,
அரை விரல் திறந்து நிற்கிறமாதிரி.
வருகிற காற்று இனி நாம் சொன்ன வழியில் வரட்டும்.
"அவிய வந்தா?"
வந்தால் வேறு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் அக்கா.

வயர் வாய்க்கெல்லாம் சிலிகான்.
எக்ஸாஸ்டுக்கு இருபது நிமிட டைமர்.
கண்ணாடிக்கு மூங்கில் தட்டி, அதுவும் வெளிப்பக்கம்.
இவர் உள்ளே கனத்த திரை போட்டிருந்தார்.
கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில்
விருந்தாளி இல்லை, குடியேறிவிட்டவன்.
திரைக்குப் பின்னால் உட்கார்ந்து
அறையைத்தான் சுடுவான்.

நடுவில் முதலாளி போன்.
"ரெண்டு டன்னை வித்துட்டியாடே?"
தட்டி வித்தேன் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மஃரிப் பாங்கு கேட்கையில் அறை இருபத்தாறு.
கம்ப்ரஸர் தானாக நின்றது,
இந்த வீட்டில் முதல் தடவையாக.
பில் எழுதி முடிப்பதற்குள்
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ட்யூட்டி ஒன்பதுக்கு.

எழுப்ப மனசில்லை.
பில்லை மடித்துக் கதவடியில் தள்ளினேன்.
விரல் நுனியில் சில்லென்று பட்டது.

இசக்கி என்னைப் பார்த்தான்.
சிலிகான் துப்பாக்கியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
இருக்கட்டும்டே, என்றேன்.
வருவது ஒரு பக்கம் வந்தால்
போவதற்கு ஒரு பக்கம் வேண்டாமா.