கடும் பாவனை

நிஸ்தார் எயர் பில்டரைக் கழற்றிக்
கல்லில் ஒரு தட்டுத் தட்டினான்.
மேலே செம்மண், அதற்குக் கீழே சாம்பல்.
"நெடுங்கேணிப் பக்கம் போயிருக்கிறியள் அக்கா,
தார் போடாத ரோட்டால."
போனதுதான்.
மூன்று தரம். மூன்றாம் தரம் காசு வரவில்லை,
அதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

தண்ணீரூற்றில், பாலை மரத்தடியில்,
அவனுடைய கிடங்குக்கு மேலே நிற்கிறது
என் லான்ட் குரூசர்.
தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஏலத்தில் எடுத்தது.
நிறுவனத்தின் பெயரைச் சுரண்டிய இடம்
மற்ற வெள்ளையைவிட இன்னும் வெள்ளை.
மழைக்கு அந்த எழுத்துத் தெரியும்,
வெயிலுக்கு மறையும்.

ஒயில் இறங்குகிறது.
முதலில் கயிறு, பிறகு நூல், பிறகு சொட்டு.
அவசரப்படுத்தக் கூடாதாம்.
விரலில் தொட்டு உரசி, மணந்து,
காற்சட்டையில் துடைத்து,
"கறுப்பெண்டாப் பரவாயில்லை. மணல் இல்லை" என்கிறான்.
வேலிக் கட்டைக்குப் பூசவென்று
ஒருவர் கானோடு வந்து காத்திருக்கிறார்.
பூசினால் கறையான் கிட்ட வராதாம்.

வாங்கில் இருந்து கையேட்டை வாசிக்கிறேன்.
கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல்.
இடப்பக்கம் சாதாரண பாவனை.
வலப்பக்கம் கடும் பாவனை:
புழுதித் தெரு,
வெள்ளத்துக்குள்ளால் ஓட்டுதல்,
அளவுக்கு மிஞ்சின பாரம்,
எஞ்சினை நிறுத்தாமல் நெடுநேரம் காத்திருத்தல்.
இப்படியானால் எல்லாவற்றையும்
பாதித் தூரத்தில் மாற்று என்கிறது கொம்பனி.
யாரோ ஒரு ஜப்பான்காரன்
மேசையில் இருந்து எழுதியிருக்கிறான்
ஒட்டுசுட்டானைக் காணாமலே.
சிரித்துவிட்டேன்.
கிடங்குக்குள் இருந்து "என்ன?" என்றான்.
"எங்கட மாவட்டம் முழுக்க வலப்பக்கம்."

ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?
அது சொல்லிக்கொண்டு அறாது.
லட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் ஒரு விளக்கு எரிய வேண்டும்,
அந்தப் பல்பை எவனோ கழற்றிவிட்டான்.
சேர்விஸ் புத்தகத்தைக் கேட்டான்.
முத்திரைகள் ஒழுங்காக
இரண்டாயிரத்து ஏழு மட்டும்.
அதற்குப் பிறகு இரண்டாயிரத்துப் பத்து.
நடுவில் ஆறு பெட்டி வெறுமை,
முப்பத்தோராயிரம் கிலோமீற்றர்.
"இதுக்குள்ள ஆர் ஓடினது? என்ன ஒயில்?
டீசலோ, மண்ணெண்ணெயோ?"
"தெரியாது."
"நான் அப்ப புத்தளத்தில" என்றான்.
"நான் இங்க" என்றேன்.
பதினாலாம் நம்பர் சாவி எங்கே என்று
பொடியனைக் கூப்பிட்டான்.

அடித்தகட்டில் எட்டு போல்ட்.
ஏழு கொம்பனியுடையது.
எட்டாவது லான்மாஸ்டருடையது,
தலை பெரிது,
அரத்தால் அராவிப் பொருத்தியிருக்கிறார்கள்.
அவசரத்தில் அராவிய வேலையும் இல்லை அது.
நிஸ்தார் சாவி போட்டு இழுத்துப் பார்த்தான்,
காலை உதைத்துக்கொண்டும் பார்த்தான்.
அசையவில்லை.
புது போல்ட் கையில் இருந்தது.
என்னைப் பார்த்தான்,
பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

கழற்றிய பெல்ட்டில் ஒரு வெடிப்பில்லை,
பல்லெல்லாம் அப்படியே.
"இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்" என்றான்,
காசை எண்ணிக்கொண்டு.
முப்பத்தெட்டாயிரம் ரூபா.
ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்கு.
எனக்கு வந்த ஆத்திரத்தில்
அந்தப் பழைய பெல்ட்டைத் தா என்று வாங்கிப்
பின் சீற்றில் எறிந்தேன்.
வாளிக்குப் பிடியாவது கட்டலாம்.

ஒட்டுத்தாளில் அடுத்த சேர்விஸ் எழுத
பேனையைத் திறந்தவன் நிமிர்ந்தான்:
"இடப்பக்கமோ, வலப்பக்கமோ?"
கேள்வியைப் பார்.
ஐயாயிரத்தை வெட்டி
இரண்டாயிரத்து ஐந்நூறைக் கூட்டிக்
கண்ணாடி மூலையில் ஒட்டினான்.

நாளை விடிய ஐந்தரைக்கு
முத்தையன்கட்டில் சோதிலிங்கத்தை ஏற்ற வேண்டும்.
கிழமைக்கு இரண்டு தரம், வவுனியாவில்
இரத்தம் சுத்தப்படுத்த.
நாலு மணித்தியாலம்.
எஞ்சினை நிறுத்திவிட்டு
நிழல் நகர நகர நானும் தள்ளித் தள்ளி நிற்பேன்.
ஏறியதும் அந்த மனிசன்
முதலில் பார்ப்பது மீற்றரைத்தான்.
பிறகு ஒட்டுத்தாளை.
"எத்தினை கிடக்கு?" என்பார்.
சொல்லுவேன்.