புல்லில் ஒரு பட்டம்

மணிக்குப் பன்னிரண்டரைப் பவுண்டு எனக்கு.
யாரும் யாரையும் பார்த்து எழுதாமல்
பார்த்துக்கொண்டிருப்பது வேலை.
பஸ் ஓட்டிய முப்பத்தொரு வருஷமும்
கண்ணாடி வழியே முதுகுக்குப் பின்னால் பார்த்தவன்,
இப்போது முகத்துக்கு நேரே.

ஃபைஃப் கடலோரத்தில் கல்லூரி.
ஜன்னலுக்கு வெளியே கோல்ஃப் மைதானம்,
அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில்
கடல் மாதிரி ஏதோ.

திங்கள் இயற்பியல்.
செவ்வாய் சட்டம்.
புதன்கிழமை புல்.

ஆமாம், புல்தான்.
புல்தரை மேலாண்மை, மூன்றாம் ஆண்டு.
காப்பி அறையில் அந்தப் பெயர் விழுந்தால் போதும்,
எல்லோர் பல்லும் வெளியே வந்துவிடும்.
"மாடு எழுதினாலும் பாஸ்" என்பார்
கணக்குத் துறை லாக்லன்.
நானும் சிரித்திருக்கிறேன்.
சிரிக்க எந்தத் தகுதியும் கேட்பதில்லை.

செய்முறைத் தேர்வு.
நீள மேசைதோறும் ஏழு சாஸர்கள்,
சாஸருக்கு ஒரு கிள்ளு புல்,
நகத்தின் உயரத்துக்கு ஒட்ட வெட்டியது.
பூ இல்லை, கதிர் இல்லை,
வம்சம் சொல்லும் ஓர் அடையாளமும் இல்லை.
எது எதுவென்று எழுது: பதினான்கு நிமிஷம்.

ஏழும் எனக்குப் பச்சை.

மைரி பியூகன்
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு
இலை தண்டைவிட்டுப் பிரியும் மூட்டை
ஊசியால் விரித்தாள்.
அங்கே ஒரு நாக்கு இருக்கிறதாம்,
அரை மில்லிமீட்டர் வெள்ளைச் சவ்வு.
கூரா, மழுங்கலா, உண்டா, இல்லையா,
அந்த நாக்குதான் பெயர் சொல்லுமாம்.
ஒன்றுக்கு அடித்தண்டில் இளஞ்சிவப்புக் கோடுகள்,
பைஜாமா போட்ட மாதிரி.
இன்னொன்றை மேலுதட்டில் தேய்த்துப் பார்த்தாள்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
உதட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவளுக்கு இரண்டு இடம் தள்ளி ருவாரி.
திங்களன்று இதே கூடத்தில்
பாதி நேரத்திலேயே எழுந்து போன இயற்பியல் பையன்.
உரித்த வாழைப்பழம் என்று யாரோ சொல்ல
மதிப்பெண்ணுக்காக இதையும் எடுத்திருந்தான்.
மூன்றாவது சாஸரில் நின்றான்.
இரண்டாவதுக்குத் திரும்பி வந்தான்.
நடுப்பாலத்தில் எஞ்சின் அணைந்த இரவு
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன் அந்த முகத்தை.
அன்று அது என்னுடையது.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள்.
வல்லவன்தான்.
புல்தான் கைக்கு வரவில்லை.

இதனால் எல்லாப் பாடமும் மலை என்று
சொல்ல வரவில்லை.
நாற்பது நிமிஷத்தில் காலியான கூடங்களையும்
பெருக்கியிருக்கிறேன்.
போன வருஷக் கேள்வித்தாளில்
வருஷத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.
பிள்ளைகள் மூட்டையை இறக்குவதுபோல்
மனப்பாடத்தை இறக்கிவிட்டுப் போனார்கள்.
அந்தப் பாடத்தின் பெயருக்குக் காப்பி அறையில்
யாரும் சிரிப்பதில்லை.
நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்காருவார்கள்.
எந்தப் பாடம் என்று நான் சொல்லப் போவதில்லை.
மணிக்குப் பன்னிரண்டரைப் பவுண்டு எனக்கு.

வெளியே கார் நிறுத்தத்தின் ஓரம்
மைரி முட்டி போட்டிருந்தாள், மழையில்.
"கஷ்டமா?" என்றேன்.
"நாலாவதில்தான் சந்தேகம்,
இங்கே அதன் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்" என்றாள்,
தலை நிமிராமல்.

பஸ் நிறுத்தத்தில்,
யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு,
நடைபாதை வெடிப்பிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.
இலையை வளைத்தேன். மூட்டைப் பிளந்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்,
போட்டுப் பார்த்தேன்.
அறுபத்துநாலாம் நம்பர் வந்து நின்று
கதவைத் திறந்து காத்திருந்தது
எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுநர் பழைய சகா.
"என்னத்தைத் தேடுறே?" என்றான்.
"நாக்கு" என்றேன்.
"எதோட நாக்கு?"

சொன்னேன்.
பல்லெல்லாம் வெளியே வந்தது அவனுக்கு.