அல்-ராயில் ஒரு வானொலி

மே மாதம் குழாயில் வருவதே வெந்நீர்.
வெள்ளிச் சந்தையில் என் முதல் வேலை
தண்ணீரை ஆறவிடுவது.
உள்ளங்கை காய்த்துப்போனது, அதை நம்பக்கூடாது.
முழங்கையை முக்கிப் பார்ப்பேன்,
பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பதுபோல.
பழைய பிளாஸ்டிக் சுடுகிறதென்று சொல்லாது,
கோணிக்கொள்ளும்.

இதை இரண்டு தினார் கொடுத்துக் கற்றேன்.
சலூனில் நகச்சாயம் அழிக்கிற திரவம் வாங்கிவந்து
ஒரு சிவப்பு ரேடியோவின் முகத்தைத் துடைத்தேன்.
அலைவரிசை எண்கள் பஞ்சோடு வந்துவிட்டன.
ஓரம் ஜவ்வுமிட்டாயாய் இழுத்தது.
அபு மிஷாரி கத்தவில்லை.
சம்பளக் கவர்தான் மெலிந்திருந்தது.

தின்னர் வேண்டாம். ஸ்பிரிட்டும் வேண்டாம்.
இந்த ஊரில் குடிக்கத்தான் தடை என்றிருந்தேன்,
துடைக்கவும்தான்.

இன்று வந்தது தந்த நிற டிரான்சிஸ்டர்.
நான்கு திருகாணி கழற்றி
குடலைத் தனியே எடுத்துவைத்தேன்.
பேட்டரி மூடியில் டேப் ஒட்டிய பசை.
தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் காத்தால்
உருண்டு உருண்டு வந்துவிடும்.
முதுகின் மஞ்சளைத் தொடவில்லை.
அது அழுக்கல்ல, வயது.

ஸ்பீக்கர் சல்லடையில்தான் சிக்கல்.
இந்த ஊர்த் தூசி சந்தன நிறம், ஊதினால் பறக்கும்.
இது கறுப்பு.
விரலில் ஏறி மினுங்கியது.
அபு மிஷாரி என் விரலைப் பிடித்து முகர்ந்தார்.
"தொண்ணூற்றொன்று" என்றார்.
"எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது
பகலில் விளக்குப் போட்டுச் சாப்பிட்டோம்.
ஆடெல்லாம் கறுத்துப்போச்சு."
அதற்குள் யாரோ ஒரு டெலிபோனுக்கு விலை கேட்க,
எழுந்து போய்விட்டார்.

பெட்ரோல் தொட்டால் ஒரே இழுப்பில் போகும்.
ஆனால் பிளாஸ்டிக்கும் அந்தக் கிணற்றுப் பிள்ளைதானே,
தாயைக் கண்டால் உருகிவிடும்.

கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு.
பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து,
துளை துளையாக.
தில்பகதூர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான்,
நேபாளியில், சத்தமாக, நடுவில் தப்பவிட்டு.
முப்பத்தெட்டுக் குச்சியோ நாற்பதோ.
அந்த வருஷம் நாங்கள் இருவரும் பிறந்திருக்கவில்லை.
அதன் புகை இப்போது எங்கள் கிண்ணத்தில்.

கடைசி வரிசை பாக்கி இருக்கையில்
அபு மிஷாரி திரும்பிவந்தார்.
"அதை விட்டுடு."
"அப்படியிருந்தால் விலை கூடுமா, பாபா?"
"குறையும்."

உடம்பை மட்டும் நிழலில் காயவைத்தேன்.
வெயில் படாமல்
தில்பகதூரின் தொப்பியை மேலே கவிழ்த்தேன்.
கிண்ணத்தை எங்கே கொட்டுவதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.