உப்பு லொறி

பத்தொன்பது மாரி
மார்க்கம் வீதிக்கு உப்புப் போட்டவன் நான்.
இப்ப என் இடது கெண்டைக்காலுக்குள்
ஒரு சந்தி இறுகிப்போய்க் கிடக்கு.

கணையத்தில் இருக்கிறதுதான்
காலிலும் வந்து வேலை காட்டுது எண்டார் டொக்டர்.
இரத்தம் தடிக்குதாம்.
கூழ் தடிக்கிறதைப் போலத்தான் சொன்னார்.

இரவு ஒன்பதுக்கு ஊசி.
மீன் வெட்டவே முகம் திருப்புகிற சுகிர்தா
தொப்புளைச் சுற்றி இடம் தேடுவாள்:
இது முந்தநாள், இது ஞாயிறு,
இது அவசரப்பட்டுக் குத்தினது.
நாவற்பழம் நசிந்த மாதிரி வயிறு முழுக்க.
மருந்து இறங்கும் மட்டும்
பத்து வரைக்கும் எண்ணுவாள்.
ஏழில் எப்பவும் கொஞ்சம் தடக்கும்.

மாசியில் மூக்கால் வடிந்தது.
தலையணை, துவாய், குளியலறைத் தரை.
காலில் உறைஞ்சதும்
மூக்கால் நிற்காமல் ஒழுகினதும்
ஒரே இரத்தம்தான் எண்டதை
அவளுக்கு விளங்கப்படுத்த என்னிடம் சொல் இல்லை.
உப்புக் கூடினால் தாரும் வெடிக்கும்,
அதை மட்டும் சொன்னேன்.
பேசாமல் துடைத்தாள்.

ஊசியை நிப்பாட்டச் சொல்லிவிட்டார்கள்.
பழைய ஊசிகள் போட்ட மஞ்சள் பெட்டியை
மருந்துக்கடைப் பெடியன் எண்ணிப் பார்க்காமலே வாங்கி வைத்தான்.

இரவு ஒன்பது. கீழே ஆரோ புதுசா வந்தவன்
தேவைக்கு மேலே கொட்டிக்கொண்டு போறான்,
கண்ணாடியில் பொரியிற சத்தம்.
சுகிர்தா கை கழுவிக்கொண்டு வந்தாள்.
என் பெனியனை உயர்த்தி
கன்றாத ஒரு இடம் பார்த்து
இரண்டு விரலை வைத்தாள்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
ஏழில் தடக்கவில்லை.
பத்து வந்த பிறகும்
எண்ணிக்கொண்டிருந்தாள்.