கிளிப்

சின்லி காவல் நிலையத்து ரேடியோ மேசையில்
லொரிண்டா அட்டகாய்
கொலையாளி யாரென்று தெரிந்த நாவலை
ஆறாவது முறையாகப் பிரிக்கிறாள்.

முதல் பக்கத்திலேயே பிணம்; பெயரோடு.
உதடு அசையாமல் அதைத் தாண்டிவிடுவாள்.

எழுதியவர் எங்கிருந்தோ வந்து போனவர்.
ஒரே வாரத்தில் இரண்டு முழுநிலவு.
மலைக்கு அப்பால் தார்ச்சாலை வேறு.
'வந்தால் நல்லதுதான்'
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள்.

ஆனால் அறுபத்து மூன்றாம் பக்கத்தில்
அவருடைய போலீஸ்காரர்
ஒரு ஹோகனுக்கு எதிரே வண்டியை நிறுத்தி
உள்ளிருந்து யாராவது வெளியே வரும்வரை
இறங்காமல் காத்திருக்கிறார்.
பக்கம் முழுக்க அவ்வளவுதான்.
நாய் வந்து டயரை முகர்ந்துவிட்டுப் போகிறது.
அதற்காக
இரண்டாவது நிலவை மன்னித்துவிட்டாள்.

நூற்றுப் பதினெட்டிலிருந்து பதினொரு பக்கங்கள்
கிளிப் போட்டு மூடியிருக்கின்றன.
கொயோட்டியின் கதை அங்கே வருகிறது.
பாம்புகள் விழித்திருக்கும் மாதங்களில்
அதைச் சொல்லக் கூடாது.
படிப்பதும் சொல்வதும் ஒன்றா என்று
ஷிஃப்ட் மாற்ற வந்த டார்வின் மெனிகோட்ஸ் கேட்டான்.
தெரியாது என்றாள்.
தெரியாததால்தான் கிளிப்.

துப்பும் அந்தப் பதினொன்றுக்குள்தான்.
ஆகவே கோடையில் படிக்கும்போதெல்லாம்
போலீஸ்காரர் காரணமே இல்லாமல்
ஒருவனைக் கைது செய்கிறார்.
அதுவும் நடக்காததல்ல.

ரேடியோ கரகரக்கிறது. நெடுஞ்சாலையில் குதிரைகள்.
யாரோ ஒருவனின் பிக்கப்பைக் காணோம்;
மைத்துனனைக் கேள் என்கிறாள்.
இரண்டு மணிக்கு, சேய்லி பக்கமிருந்து ஒரு பெண்.
வெளியே யாரோ நடக்கிறார்களாம்.
விலாசம்: மூன்றாவது கால்நடைத் தடுப்பு,
நீலத் தண்ணீர்த்தொட்டி, அங்கிருந்து இடது.

அதிகாரி ஐம்பது மைல் தள்ளி இருக்கிறார்.
ஃபோனை வைக்காதீர்கள் என்கிறாள் லொரிண்டா.
பிறகு இருவருக்கும் பேச எதுவுமில்லை.
ஒரு நாய் குரைக்கிறது, நிறுத்துகிறது.
மூச்சு. மறுபடி நாய்.

நாற்பது நிமிடம் கழித்து
வெளிச்சம் வருகிறது என்கிறாள் அந்தப் பெண்.
சிவப்பும் நீலமும்.
பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோல்,
'புல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது,
பனி உறைந்திருக்கிறது.'

லொரிண்டா எழுந்துபோய்
ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறாள்.
திரும்பி வந்து கிளிப்பை எடுக்கிறாள்.

அதன் துரு
செத்தவன் பெயரின்மேல் படிந்திருக்கிறது.
அதுவும் சரிதான்.